ரோசனைக்காரி

எங்கள் ஊரில் அதற்கு நோய் என்று பெயர் கிடையாது. ரோசனை என்பார்கள். "அவளுக்கு ரோசன ஜாஸ்தி" என்றால், அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறாள், சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அதே சொல்லை ஆணுக்குச் சேர்த்து 'யோசனைக்காரர்' என்றால் பஞ்சாயத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று பொருள். கல்லாவியில் எங்கள் தெருவில் பேர்போன ரோசனைக்காரி என் அம்மா.

அம்மாவின் ரோசனைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். "நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்?" 1994-இல், தன் தாய் கொடுத்த ஒன்றரை ஏக்கர் காட்டை அப்பாவின் தம்பி கடனுக்காக எழுதிக் கொடுத்தாள். நிலம் அவள் பெயரில் இருந்ததால் அவள் கையெழுத்து தேவைப்பட்டது. கடன் திரும்பவில்லை, காடும் திரும்பவில்லை. அதன்பிறகு பால் கறக்கும்போது, புளி கொட்டை எடுக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது அந்த வாக்கியம் அவள் வாயில் ஓடும். நான் பத்தாம் வகுப்புப் படிக்கையில் அதைக் கேட்டுக் கத்தியிருக்கிறேன். "வுடும்மா, போனது போச்சு!" இதை எழுதத் தொடங்கியபோது முதலில் நினைவுக்கு வந்தது என் அந்தக் குரல்தான்.

மனநலத் துறையினர் இதற்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர் 'ரூமினேஷன்'. மாடு அசைபோடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கொட்டிலில் மாடு வைத்திருக்கும் யாருக்கும் இந்த ஒப்புமை கொஞ்சம் அநியாயமாகப் படும். அசைபோடுகிற மாடு நிம்மதியாக இருக்கிற மாடு; அசைபோடாவிட்டால்தான் வைத்தியரைக் கூப்பிடுவோம். தமிழிலும் பழைய நினைவுகளை அசைபோடுவது இனிமையான காரியம். என் அம்மா செய்தது அசைபோடுதல் அல்ல. செரிக்காத ஒன்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தது.

இன்னொரு சொல்லும் நம்மிடம் உண்டு, விசாரம். கவலை என்றும் பொருள், ஆராய்ச்சி என்றும் பொருள். கல்லாவியிலிருந்து ஊத்தங்கரை போய், செங்கம் வழியாகப் பேருந்து பிடித்தால் திருவண்ணாமலை. அங்கே ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளும் அவர் எழுதிக்காட்டிய பதில்களும்தான் பிறகு 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பத் தன்னிடம் கேட்டுக்கொள்வது அங்கே ஆத்ம விசாரம். இரண்டும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் அந்தக் கதையில் எனக்கு நினைவில் நிற்பவர் அழகம்மாள். மகன் 1896-இல் மதுரையிலிருந்து கிளம்பிப் போனபின் அவன் எங்கே இருக்கிறான் என்பதே இரண்டு வருடம் அந்தத் தாய்க்குத் தெரியாது. 1898 டிசம்பரில் தேடி வந்து, நாள்கணக்கில் கெஞ்சினார், அழுதார். மகன் பேசவில்லை, கடைசியில் ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்தார். அம்மா ஊர் திரும்பினார். 1916-இல் மகனோடு தங்கவே வந்துவிட்டார், சமையலையும் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு வருட இரவுகளில் அழகம்மாள் செய்ததும் விசாரம்தான். அதைப் பற்றி யாரும் நூல் எழுதவில்லை.

பெண்களின் இந்த ஓயாத நினைப்பை முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர் ஒரு பெண், அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸெமா. ஆண்களைவிடப் பெண்களிடம் மனச்சோர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுவது அவருக்கு முன்பே தெரிந்த விஷயம். ஹார்மோன் என்றார்கள், பெண் இயல்பு என்றார்கள். 1987-இல் வெளியான கட்டுரையில் அவர் வேறொன்றைச் சொன்னார்: சோர்வு வரும்போது அதற்கு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து அது நீள்கிறது அல்லது கலைகிறது. ஆண்கள் வெளியே போய்விடுகிறார்கள், எதையாவது செய்து திசைதிருப்பிக்கொள்கிறார்கள். பெண்கள் உட்கார்ந்து, ஏன் எனக்கு இப்படி ஆயிற்று என்று யோசிக்கிறார்கள். யோசிப்பது சோர்வை நீட்டுகிறது, சோர்வு மேலும் யோசிக்க வைக்கிறது.

இதைச் சோதிக்க அவருக்கு ஒரு பூகம்பம் உதவியது. 1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை லோமா பிரீட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 137 பேரிடம் அவர்களுடைய மனநிலையையும், சோர்வு வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மறுபடி கேட்டார். முன்பே சோர்ந்திருந்தவர்களை ஒதுக்கிக் கணக்கிட்டாலும், அசைபோடும் பழக்கம் உள்ளவர்களே அதிகம் வாடியிருந்தார்கள். அறிவியலுக்கு அபூர்வமாக வாய்க்கும் தற்செயல் இது. சேதத்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஆளின் கணக்கு கையில் இருப்பது.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பெண் அதிகம் யோசிக்கிறாள், அதனால் அதிகம் துன்பப்படுகிறாள். யோசிப்பதை நிறுத்தினால் சரியாகிவிடும். 2003-இல் அவர் பொதுமக்களுக்காக எழுதிய நூலின் தலைப்பே 'அளவுக்கு மீறி யோசிக்கும் பெண்கள்' என்ற பொருளில் இருந்தது. அந்தத் தலைப்பின் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஏனென்றால் 1999-இல் அவரும் லார்சன், கிரேசன் ஆகிய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கனமானது. சுமார் 1,100 பேரை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை நேர்கண்டார்கள். குறைந்த கூலி, தீராத வீட்டுவேலை, மதிக்காத துணை என்று அன்றாட அழுத்தம் பெண்களுக்கு அதிகம் இருந்தது. தன் வாழ்க்கையில் எதையும் தன்னால் மாற்ற முடியும் என்ற உணர்வு குறைவாக இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அசைபோடுதலை வளர்த்தன. அசைபோடுதல் திரும்பவும் அந்த அழுத்தத்தை வளர்த்தது. அதாவது, மாற்ற முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டவர் யோசிக்கிறார். சூசன் 2013-இல், 53 வயதில் இறந்துவிட்டார். தலைப்பு பரவிய அளவுக்கு அந்த ஆய்வு பரவவில்லை.

யோசிக்கும் வேலையை யார் பெண்ணிடம் கொடுத்தது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் மோனிக் எய்க்கோ 1984-லேயே, தொழிற்சாலையில் நிற்கும்போதும் வீட்டைத் தலையில் வைத்திருக்கும் பெண்ணின் 'மனச்சுமை' பற்றி எழுதினார். கேஸ் எப்போது தீரும், பிள்ளைக்கு ஃபீஸ் எந்தத் தேதி, மாமியார் மாத்திரை எத்தனை மிச்சம் என்று முன்கூட்டியே நினைத்து, நடந்ததா என்று பின்தொடர்வது வேலை. அந்த வேலைக்கு விடுமுறை இல்லை. அது ராத்திரி மூன்று மணிக்கும் ஓடினால் மட்டும் அதற்குப் பெயர் வியாதி.

எங்கள் பக்கத்து வரலாற்றுக்கு வருகிறேன். கல்லாவி அப்போது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். ஸ்டான்ஃபோர்டு குலுங்கிய அதே 1989-இல்தான், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தருமபுரியில் தொடங்கியது. இன்று மாநிலம் முழுக்க இருக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கு அதுவே விதை. அந்த வருடம்தான் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது. ஆனால் அது 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இல்லை. அம்மாவுக்குக் கல்யாணம் 1984-இல். பாட்டி அவள் பெயருக்கு எழுதிவைத்த காடு மட்டுமே அவளுக்கு ஆயுளில் வந்த சொத்து.

காடு போனபிறகுதான் அம்மா குழுவில் சேர்ந்தாள். வாரம் ஒருநாள் மாரியம்மன் கோயில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். நான் கூடவே போய் நோட்டு எழுதிக் கொடுப்பேன். அதில் எழுத வேண்டியதெல்லாம் இன்னார் வந்தார், இவ்வளவு கட்டினார், இன்னாருக்கு எதற்காக இவ்வளவு கடன், எத்தனை தவணை. ஆடு வாங்கவா, எங்கே வாங்குவாய், யார் மேய்ப்பது? அந்த ஒரு மணி நேரம் அம்மா தன் வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. அடுத்த தெரு அத்தை ஒருத்தி ஒருமுறை இதைக் கவனித்துச் சொன்னாள்: "குழுல ஒக்காந்தா ஒங்கம்மா வேற ஆளு பாப்பா."

பெண்கள் கூடிப் பேசினால் பாரம் இறங்கிவிடும் என்று சொல்வது சுலபம். எல்லாப் பேச்சும் இறக்குவதில்லை. அமெரிக்காவில் அமண்டா ரோஸ் 2002-இல் சிறுமிகளின் நட்பை ஆராய்ந்தபோது, இருவர் ஒரே துயரத்தை மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தால் நட்பு நெருக்கமாகிறது, கூடவே சோர்வும் கவலையும் கூடுகின்றன என்று கண்டார். சேர்ந்து அசைபோடுதல். வேலைக்குப் போன பிறகு நான் தங்கிய ஓசூர் ஹாஸ்டலில் ஒரே அறையில் எட்டுப் பேர் இதைத்தான் செய்தோம். குழுவில் நடந்தது வேறு வகைப் பேச்சு. அதன் வித்தியாசத்துக்குப் பெயர் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு வாட்கின்ஸ் அதைச் செய்தார். எல்லா யோசனையும் கெடுதல் அல்ல என்பது அவர் தொடக்கம். 'ஏன் எனக்கு இப்படி நடக்கிறது, நான் ஏன் இப்படிப்பட்டவள்' என்ற கேள்விகள் மேகம் போல மேலே மேலே போகும். பதில் எப்போதும் 'நான் லாயக்கில்லாதவள்' என்பதில் முடியும். 'அது எப்படி நடந்தது, முதலில் என்ன, அடுத்து என்ன, இப்போது எதைத் தொடலாம்' என்ற கேள்விகள் தரையில் நிற்கும். இந்த இரண்டாவது வகையை நாள்தோறும் பழக்கமாக்கும் பயிற்சியை அவர் சகாக்களோடு சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிடப் பயிற்சி எடுத்தவர்களின் சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. ஆடு வாங்கவா, எங்கே வாங்குவாய், யார் மேய்ப்பது?

நான் 19 வயதில் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கையளவு பலகையில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வரிசை. கை தானாக ஓடும், தலை சும்மா இருக்கும். சும்மா இருக்கும் தலையில் என்ன நுழையும் என்று இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் என் வரிசையில் கழிவு அதிகமானது. மேற்பார்வையாளர் எல்லோர் முன்னும் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை ஏழு வருடம் எனக்குள் ஓடியது. வேலையை விட்டு, கல்லூரி போய், வரலாறு படித்து, பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஓடியது. அம்மாவின் வாக்கியம் மாதிரியே எனக்கும் ஒன்று கிடைத்திருந்தது. தூக்கம் போனது. எடை குறைந்தது. கடைசியில் பெங்களூருக்குப் பேருந்து ஏறினேன். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு மனசு சம்பந்தமான எதுவும் பெங்களூருதான். 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி 1974-இல் நிம்ஹான்ஸ் ஆன இடத்தை எங்கள் ஊரில் 'அந்த ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள், பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல. நான் போனது அங்கே அல்ல, ஒரு சின்ன மருத்துவமனை.

அங்கிருந்த உளவியல் மேடம் என் கதையைக் கேட்டுவிட்டு, "கண்ணைத் திறந்தே வைங்க, சத்தத்தைக் கேளுங்க" என்றார். ஃபேன் ஒரு சத்தம், வெளியே ஆட்டோ ஒரு சத்தம், பக்கத்து அறையில் குழாய் ஒரு சத்தம். முதலில் ஒன்றை மட்டும். பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில். பத்துப் பன்னிரண்டு நிமிடம். நினைப்பு வந்தால் விரட்டக் கூடாது, அதுவும் ஒரு சத்தம் மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும். இது என்ன விளையாட்டு என்று எரிச்சலாக இருந்தது.

விளையாட்டு இல்லை, அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்று பிறகு படித்தேன். பழைய வைத்தியர்கள் நினைப்பை 'நிறுத்து' என்று அதட்டி நிறுத்தப் பார்த்தார்கள். நிறுத்த நினைத்தது இன்னும் வலுத்துத் திரும்பும் என்று டேனியல் வெக்னர் 1987-இல் காட்டினார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதே என்றால் கரடிதான் வரும். ஏரன் பெக்கின் வழி, நினைப்போடு வழக்காடுவது: இதற்கு என்ன ஆதாரம்? அதில் பலர் தேறினார்கள், ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது இன்னும் ஒரு சுற்று யோசனைக்கு இடம் கொடுக்கும். 1990-இல் ஏட்ரியன் வெல்ஸ் வழக்கை விட்டுவிட்டு, கவனம் என்கிற தசைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். நான் செய்தது அதுதான். இன்னொரு பயிற்சி நியூசிலாந்தில் பிறந்தது. தலையில் அடிபட்டவர்கள் எவ்வளவு தேறினார்கள் என்று பார்க்க டோரத்தி கிரான்வால் என்ற பெண் 1970-களில் ஒரு சோதனையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சில நொடிக்கு ஒரு எண் ஒலிக்கும். ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணோடு மட்டும் கூட்டிச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன விடையோடு அல்ல. கேட்க எளிது, செய்தால் கண்ணீர் வரும். 2007-இல் கிரெக் சீகலும் சகாக்களும் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சத்தம் கேட்கும் பயிற்சியையும் இந்த எண் கூட்டலையும் இரண்டு வாரம் சேர்த்துக் கொடுத்தபோது, அசைபோடுதல் குறைந்ததைக் கண்டார்கள். தலை சும்மா இருக்கும் வேலையில் ஏழு வருடம் கெட்டுப்போன எனக்கு இதன் தர்க்கம் உடனே புரிந்தது.

எனக்குக் குணமானதா என்றால், வார்த்தை இன்னும் இருக்கிறது. இப்போது அது பக்கத்து அறைக் குழாய்.

ஆனால் பெங்களூருக்குப் போக என்னிடம் பஸ் காசும் சம்பள விடுப்பும் இருந்தன. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளியான ஒரு இளம்பெண் 2005-இல் தற்கொலை செய்துகொண்டாள். அவரைப் பார்க்க வரப் பஸ் கட்டணம் இல்லை. மறுவருடம் அவர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரோடு ஒரு வேலையைத் தொடங்கினார். மருத்துவமனைத் தோட்டத்தில் ஒரு பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி, எதிரே ஒரு ஆள். அவர்கள் ஊரில் நோய்க்குப் பெயர் 'குஃபுங்கிசிசா', அளவுக்கு மீறி யோசித்தல். கல்லாவியின் ரோசனைக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சித்தி மகள். பாட்டிகள் யோசிக்காதே என்று சொல்வதில்லை. மனசைத் திற, பிரச்சினைகளை வரிசையாகச் சொல், ஒன்றைத் தேர்ந்தெடு, என்ன செய்யலாம் என்கிறார்கள். 573 பேரைச் சேர்த்து நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். அந்தச் சொல்லை 1990-களில் அங்கே ஆராய்ந்தவர்களில் ஒருவரான விக்ரம் படேல் பிறகு கோவாவில் இதே வழியில் நடந்தார். பாகிஸ்தானில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் அரசின் கிராம சுகாதாரப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோர்வுற்ற தாய்மாரை வீட்டில் போய்ப் பார்க்க வைத்தார்கள். 2008-இல் வெளியான கணக்கில், ஆறு மாதம் கழித்து மற்ற தாய்மாரில் 53 விழுக்காட்டினர் சோர்வில் இருக்க, இவர்களில் 23 விழுக்காடு மட்டுமே இருந்தார்கள்.

நம் ஊரில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். குழுவிலிருந்து வந்த பெண்களே வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அம்மாவுக்கும் மாதம் ஒருமுறை ஒரு பெண் வருவாள். பட்டையைக் கையில் சுற்றும்போது அம்மா, "நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்" என்று ஆரம்பிப்பாள். அவளுக்கு இன்னும் இருபது வீடு பாக்கி. "ரோசன பண்ணாதீங்க ஆயா, பிரஷர் ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள்மேல் குறையில்லை. அந்தப் பெண்ணுக்கு அரை மணி நேரமும் அதற்கான கூலியும் கொடுக்காமல், கேட்கவும் செய் என்று அடுத்த வேலையை அவள் தலையில் வைக்கும் நாள் வரக் கூடாது என்பதும் என் ரோசனைகளில் ஒன்று.

போன தையில் ஊருக்குப் போயிருந்தபோது, திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்தேன். வாக்கியம் வந்தது. நான் வுடும்மா என்று சொல்லவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. "அன்னைக்கு எப்பிடிம்மா நடந்துச்சு? மொதல்ல யாரு வந்தா?" என்றேன்.

அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். முப்பது வருடத்தில் யாரும் கேட்டதில்லை போல. பிறகு மெதுவாகச் சொன்னாள். காலையில், மணி பத்து இருக்கும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா, இன்னும் இரண்டு பேர். அப்பா உள்ளே வந்து, "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றார். கை ஈரம், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை மூடி கழற்றிக் கையில் கொடுத்தார்கள்.

"காயிதத்துல என்னா எழுதியிருந்துச்சு?"

"யாரு படிக்கக் குடுத்தா? கீழ ரெண்டு எடம் காட்டுனாங்க. ஒலை பொங்கிச்சு, ஓடியாந்துட்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கொட்டிலில் மாடு தலையை ஆட்டும் மணிச்சத்தம் கேட்டது.

"ரெண்டு எடம்" என்றாள் மறுபடி. "ஏன் கண்ணு, அந்தப் பத்தரத்துக்கு நகலு கேட்டா குடுப்பாங்களா?"

குடுப்பார்கள், ஊத்தங்கரை பதிவு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். சர்வே நம்பர் வேண்டும். அம்மா எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பாட்டி காலத்துப் பழைய வரி ரசீதை எடுத்துக்கொண்டு வந்தாள். எண் மங்கியிருந்தது. விளக்கடியில் வைத்து, ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்து எனக்குச் சொன்னாள்.